வெள்ளம் இல்லை

அத்தியாயம் 12

ஒரு படிவத்தில் சின்னதாக ஒரு பெட்டி. அதற்குள் நீல மையில் ஒரு சரி அடையாளம். போன கிழமை முழுவதும் அருந்ததியின் தூக்கத்தைக் கெடுத்தது அவ்வளவுதான்.

மறந்துபோனவர்களுக்காகவும் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்லிவிடலாம்.

அருந்ததி கிளிநொச்சியில் பொறியியல் விரிவுரையாளர். இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு அவள் எடுக்கும் பாடத்தின் பெயர் ‘பொறியியலாளரும் சமூகமும்’. பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் ‘கதைப் பாடம்’. கணக்கு இல்லை, வரைபடம் இல்லை, வாய் இருந்தால் புள்ளி கிடைக்கும் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு.

அந்தப் பாடத்துக்காக ஒவ்வொரு குழுவும் எங்கோ பிழையாகக் கட்டப்பட்ட ஒன்றை எடுத்து, யாருக்கு என்ன நடந்தது, நிலத்துக்கும் தண்ணீருக்கும் என்ன நடந்தது என்று ஆராய வேண்டும். அருந்ததியின் அக்கா மகள் தேனுகா, அவள் வீட்டிலேயே தங்கிப் படிக்கிறவள், லக்ஷன், நிருஷன் என்ற இரண்டு பேரோடு சேர்ந்து எடுத்தது பாலையடிக் குடியிருப்பு வீதியை.

புளியங்குளத்திலிருந்து கிழக்கே காட்டோரமாகப் போகிற வீதி அது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் நாலடி உயர்த்திப் போட்டார்கள். போன கார்த்திகை மழையில் அந்த வீதியே அணைக்கட்டாகி, தண்ணீரைப் போகவிடாமல் மறித்தது. முப்பத்தொரு வீடு மூழ்கியது. சுமன் என்ற குடும்பஸ்தன் செத்துப்போனான்.

விசாரிக்க மூன்று பேர் கொண்ட குழு ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை கூடுகிறது. மூன்று பேரில் ஒருத்தி அருந்ததி.

பிள்ளைகளின் வரைவு அறிக்கையில் ஒரு பழைய படிவத்தின் நகல் இணைக்கப்பட்டிருந்தது. வீதி போடமுன் ஊருக்குள் போய் விசாரித்து எழுதிய தாள். ‘வெள்ளம் வருவதுண்டா?’ என்ற ஏழாவது கேள்விக்கு ‘இல்லை’ என்ற பெட்டியில் சரி. கீழே ரஜிதா என்ற ஊர்ப் பெண்ணின் கையொப்பம், செத்துப்போன அதே சுமனின் மனைவி. விசாரித்த அதிகாரியின் பெயர் இருந்த மூலை, நகலெடுக்கும்போது விடுபட்டிருந்தது. பெயர் இல்லாவிட்டால் என்ன? அருந்ததிக்குத் தன் கையெழுத்தைத் தெரியாதா?

*

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கே வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. தம்பி கிருசாந்தன். அந்த வீதியைப் போட்டதும், இப்போது அதை இன்னும் நீட்ட இரண்டாம் கட்ட வேலையை எடுத்திருப்பதும் அவன் வேலை செய்கிற கொம்பனி.

சாப்பிடவும் மாட்டேன், இருக்கவும் மாட்டேன், அவசரம் என்று சொல்லிக்கொண்டே முழுப் புட்டையும் முடித்துவிட்டுப் போகிற ஆள். அன்றைக்குக் குசினி வாசலிலேயே நின்றான். புட்டைப் பார்க்கவும் இல்லை.

“அக்கா, இண்டைக்குப் பிள்ளையளைப் பாலையடிக்குக் கூட்டிக்கொண்டு போறியளாம்?”

“ஓம். ஆர் சொன்னது?”

“தேனுகா. நேற்றுப் போனில சொன்னவள்.” அவன் குரலைத் தாழ்த்தினான். “அவள் எங்க?”

“குளிக்கிறாள். சொல்ல வந்ததைச் சொல்லு.”

“அந்த விசாரணைத் தாளின்ர மூலப் பிரதி எங்கட கொம்பனி அலுமாரியில கிடக்கு. அதில உங்கட பேர் முழுசா இருக்கு. நான் மட்டும்தான் பார்த்தனான்.”

அருந்ததி அடுப்பை நிறுத்தினாள். கையைத் துவாயில் துடைத்தாள்.

“அதை என்ன செய்யப் போறாய்?”

“ஒண்டும் செய்யேல்லை. அது தன்ரபாட்டில கிடக்கட்டும் எண்டுறன். நீங்கள் பொய் எழுதினனீங்களோ? அவை இல்லை எண்டினம், நீங்கள் இல்லை எண்டு எழுதினியள். இதில உங்கட பிழை என்ன?”

இதே கேள்வியை ஏழு நாளாக அருந்ததியும் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பதில் அவளுக்குப் பிடித்த மாதிரியே வந்துகொண்டிருந்ததுதான் பயமாக இருந்தது. வீதிக்குப் பொறுப்பான பணிமனை அனுப்பிய விளக்கக் கடிதமும் அதைத்தான் சொன்னது: அப்பகுதி மக்களே வெள்ளம் வருவதில்லை என எழுத்தில் உறுதிப்படுத்தியுள்ளனர். பிள்ளைகளும் அதைப் பார்த்து முடிவுரை எழுதிவிட்டார்கள்: மக்கள் வழங்கிய பிழையான தகவலே முதன்மைக் காரணம்.

“கிருசா, ரெண்டாம் கட்டத்துக்கும் அதே வரைபடமோ?”

அவன் வண்டிச் சாவியைக் கையில் உருட்டினான்.

“அதே ரெண்டு குழாயோ?”

“அது என்ர கையில இல்லை அக்கா. மேல இருந்து வாறதை நான் போடுறன்.” அவன் முகம் சுருங்கியது. “சித்திரைக்கு முதல் வேலை தொடங்கவேணும். நிண்டுபோனால் முதல் வீட்டை அனுப்புறது என்னைத்தான். கட்டாரில ஆறு வருசம் வெயில் காய்ஞ்சிட்டு வந்தனான். திருப்பிப் போகச் சொல்லுறியளோ?”

கிருசாந்தன் கெட்டவன் இல்லை. ஊரில் வேலை செய்து, ஊரில் சாப்பிட்டு, தன் பிள்ளையைத் தானே பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டவன். அதற்கு மேல் அவன் கேட்டது எதுவும் இல்லை. அதனால்தான் அருந்ததியால் அவனை ஏச முடியவில்லை.

“இன்னொண்டும் சொல்லுறன் கேளுங்கோ. நீங்கள் உள்ளதைச் சொல்லிப்போட்டுக் குழுவில இருந்து விலகினால், அந்த இடத்துக்கு வாறது எங்கட கொம்பனிக்கு ஆலோசனை சொல்லுற மனுசன். பேர் இப்பவே குறிச்சு வைச்சாச்சு. நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தால்தான் அந்தச் சனத்துக்கும் நல்லது.”

கெட்டிக்காரன். சின்ன வயதிலும் இப்படித்தான், தன் பக்கத்தை மற்றவரின் நன்மையாக மாற்றிக் காட்டிவிடுவான்.

தலையில் துவாயோடு தேனுகா வந்தாள். “மாமா! புட்டு மிச்சம் கிடக்கு, உங்களுக்கு என்ன வருத்தமோ?”

“வயிறு சரியில்லை,” என்று சொல்லிவிட்டு கிருசாந்தன் வண்டியை எடுத்தான்.

*

பஸ்ஸில் இருபத்தாறு பிள்ளைகள். மாங்குளம் தாண்டும்வரை பாட்டு, கும்மாளம். லக்ஷன் எழுந்து நின்று, “கதைப் பாடத்தின்ர கதாநாயகி வாழ்க!” என்று தேனுகாவைப் பார்த்துக் கத்தினான். அவள் தண்ணீர்ப் போத்தலால் அவன் முழங்காலில் ஒன்று போட்டாள். வீட்டில் ‘சித்தி’ என்கிற வாய், பஸ்ஸில் ஏறியவுடன் ‘மிஸ்’ ஆகிவிடும். நாலு வருடத்தில் ஒரு நாள்கூட அவள் அதில் தவறியதில்லை.

அருந்ததி முன் ஆசனத்தில் இருந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன், ஆவணி மாதம். அவளுக்கு முப்பத்தொரு வயது, வீதிப் பணிமனையில் வேலை. யுத்தம் முடிந்து வன்னி முழுக்க எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கட்டிக்கொண்டிருந்த காலம். மூன்று நாளில் பதினொரு ஊர் விசாரித்து முடிக்கச் சொன்னார்கள். அவள் முடித்தாள். கெட்டிக்காரப் பெண் என்று பெயரும் வாங்கினாள். அந்தப் பெயரில் அவளுக்கு அப்போது எவ்வளவு பெருமை!

பாலையடி அவளுக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அதுதான் இப்போது சுட்டது. வெயில் ஞாபகம் இருந்தது. ஜீப் சாரதி அவசரப்படுத்தி ஹோன் அடித்தது ஞாபகம் இருந்தது. யாரோ ஒரு பெண் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அந்தப் பெண்ணின் முகத்தை எவ்வளவு முயன்றும் கொண்டுவர முடியவில்லை.

போகாமல் விட்டிருக்கலாம். பஸ் பழுது, மழை வரும் போலிருக்கிறது, ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் செத்தவனின் மனைவி சொன்ன பொய்தான் அவனைக் கொன்றது என்று தன் மாணவர்கள் எழுதி, அதற்குத் தானே புள்ளி போட வேண்டி வரும்.

*

வீதியில் இறங்கியதும் பிள்ளைகளின் சத்தம் குறைந்தது.

இடப்பக்கம் வீடுகள். எல்லாச் சுவரிலும் தோள் உயரத்தில் ஒரே மட்டமாக ஒரு மண்ணிறக் கோடு. வலப்பக்கம் வெறும் புல்வெளி, அங்கே ஒரு சேதமும் இல்லை. நடுவில் நாலடி உயரத்தில் வீதி. அதற்கு அடியில் இரண்டே இரண்டு கொங்கிறீற் குழாய்கள்.

லக்ஷன் இறங்கிப்போய் நாடாவைப் பிடித்தான். “மிஸ், ஒண்டு அறுபது சென்ரிமீற்றர். ரெண்டும் ஒரே அளவு.” மேலே ஏறி வந்து காட்டுப் பக்கம் பார்த்தான். அங்கே கிரவல் மண் அள்ளுவதற்காகக் காட்டை வெட்டி, ஒரு மேடு முழுவதையும் வழித்தெடுத்திருந்தார்கள். முன்பு வேரும் சருகும் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இப்போது நிற்காமல் இறங்கி வரும். “இவ்வளவும் இதுக்குள்ளால போகவேணுமோ? எங்கட வீட்டுக் கோடிப்பக்கத்து மழைத்தண்ணிக்கே இது காணாது.”

“காணாது,” என்றாள் அருந்ததி.

“அப்ப ஏன் மிஸ் இப்பிடிப் போட்டவை?”

“வெள்ளம் இல்லை எண்டு எழுதியிருந்ததால.”

நிருஷன் பேசாமல் அந்தப் படிவத்தின் நகலை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான். பூநகரிப் பிள்ளை, தகப்பன் வயல் செய்கிறவர். வகுப்பில் வாய் திறப்பது அபூர்வம்.

“மிஸ், ஒன்பதாவது கேள்வியைப் பாருங்கோ. பாசனம் எப்பிடி எண்டு கேட்டிருக்கு. ‘மழைக்குத் தண்ணீர் கட்டுவார்கள்’ எண்டு எழுதிக் கிடக்கு.”

“ம்.”

“இது கச்சான் கடலை போடுற மேட்டுக்காணி. இதுக்கு ஆர் தண்ணி கட்டுறது? அதுவும் மழை பெய்யேக்க?”

அருந்ததி அந்த வரியைப் பார்த்தாள். ஏழு நாளாக அவள் கண் ஏழாவது கேள்வியிலேயே நின்றிருந்தது. ஒன்பதாவதை அவள் வாசிக்கவே இல்லை. தன் கையால் எழுதிய வரி, இப்போது வாசிக்கும்போது அர்த்தமே இல்லாமல் இருந்தது.

*

ரஜிதா பாலை மரத்துக்குக் கீழே பாய் விரித்து வைத்திருந்தாள். வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது, பார்த்தால் ஐம்பது சொல்லலாம். யாரையும் நேரே பார்க்கவில்லை. பக்கத்து வளவில் ஒரு வயதான அம்மா முறத்தை மடியில் வைத்துக் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தார், இந்தப் பக்கம் முதுகைக் காட்டியபடி.

“அவங்க என் மாமியார்,” என்றாள் ரஜிதா. “கமலேஸ்வரி. அவர் போனதிலிருந்து நாத்தனார் வீட்ல இருக்காங்க. எங்கூடப் பேச்சில்ல.”

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

“நான்தானே கையெழுத்துப் போட்டேன். எல்லாரும் அந்தத் தாளக் கொண்டாந்து காட்டிட்டாங்க. நான் இல்லைன்னு சொல்லல.”

சுமன் அன்று விடியற்காலை தாயைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து வீதியில் விட்டான். மாட்டை அவிழ்க்கத் திரும்பப் போனான். மத்தியானம் அவனைக் குழாய் வாயில் எடுத்தார்கள். இதையெல்லாம் ரஜிதா மளமளவென்று, பல தடவை சொல்லிப் பழகியதுபோலச் சொல்லி முடித்தாள். முடித்துவிட்டு, இனி என்ன வேண்டும் என்பதுபோல் இருந்தாள்.

தேனுகா பாயில் கொஞ்சம் முன்னுக்கு நகர்ந்தாள். “அக்கா, தாளை விடுங்கோ. அண்டைக்கு வந்த ஆள் உங்களிட்ட என்ன கேட்டவர்? நீங்கள் என்ன சொன்னனீங்கள்? சொன்ன மாதிரியே சொல்லுவீங்களோ?”

அப்படி இதுவரை யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. ரஜிதா யோசித்தாள்.

“‘வெள்ளம் வாறதோ?’ன்னு கேட்டாங்க. ‘வெள்ளமா, அதெல்லாம் இல்லீங்க’ன்னேன். நான் கல்யாணம் கட்டி அட்டன் பக்கத்திலிருந்து வந்து அப்ப ஒரு வருசம்தான். எங்க தேயிலைத் தோட்டத்துல வெள்ளம்னா மலையிலிருந்து இறங்கும். சத்தம் கேட்டா ஓடணும். ஒரு தடவ ஆறு காம்பிராவோட, ஆறு குடும்பம் இருந்த ஒரு லயத்தையே அள்ளிக்கிட்டுப் போயிருச்சு. அந்த மாதிரி இங்க எங்க வந்துச்சு? மலையே இல்லையே.”

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர்கள் வீடுகளில் முற்றத்தில் கணுக்கால் அளவு மழைத்தண்ணீர் நின்றாலே ‘வெள்ளம் நிக்குது, பார்த்து வா’ என்பார்கள்.

“வேற ஒண்டும் சொல்லேல்லையோ?”

“சொன்னேனே. ‘மழைக்குத் தண்ணி கட்டும், ரெண்டு நாளுல வடிஞ்சிரும்’னு சொன்னேன்.”

நிருஷன் நிமிர்ந்தான். “தண்ணி கட்டும் எண்டால்? நீங்கள் காணிக்குத் தண்ணி கட்டுறனீங்களோ?”

“நாங்க எதுக்குத் தம்பி கட்டுறோம்? அதுவாத்தான் கட்டும். பள்ளத்துல தேங்கி நிக்கும்ல, அதத்தான் சொன்னேன். இங்க இடுப்பளவு கட்டும். அப்புறம் அந்தப் புல்லுப் பக்கமா வடிஞ்சு போயிரும். றோட்டு அப்ப பள்ளமாத்தானே இருந்துச்சு.”

லக்ஷன் தலையைக் குனிந்துகொண்டான். வயல்காரர் பிள்ளைகள் எல்லாருக்கும் அது விளங்கிவிட்டது. அவர்கள் வீட்டில் ‘தண்ணி கட்டுறது’ என்றால் மண்வெட்டியோடு விடியப் போய் வரம்பை வெட்டி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது. அதைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது.

அருந்ததிக்கும் கிடையாது. அவளுடைய அப்பா வீரகத்தி, குடியேற்றத் திட்டத்துக் காணியில் நாற்பது வருடம் தண்ணீர் கட்டியவர். அந்தப் பெண் சொன்னது காதில் விழுந்தது. காது அதைத் தன் வீட்டுச் சொல்லாக மாற்றிக்கொண்டது. கை எழுதியது. திருப்பி ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கட்டுறது எண்டால் என்ன தங்கச்சி? அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. ஹோன் சத்தம் கேட்டது, அவள் எழும்பிவிட்டாள்.

இப்போதும் எழும்பினாள்.

“பிள்ளையள், அந்தத் தாளில ஒரு மூலை இல்லை. அதில இருக்கிற பேர் என்னுடையது.”

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. அவள் ரஜிதாவின் முன்னால் போய் நின்றாள்.

“தங்கச்சி, அண்டைக்கு வந்து கேட்டது நான்தான். நீங்கள் தந்த தண்ணியைக் குடிச்சிட்டு, நீங்கள் சொன்னதில பாதியைப் பிழையா எழுதி, மற்றப் பாதியை எழுதாமல் போனதும் நான்தான்.”

“சித்தி!” என்றாள் தேனுகா. இருபத்தைந்து பேருக்கு முன்னால்.

ரஜிதா முதல்முறையாக நிமிர்ந்து அருந்ததியை நன்றாகப் பார்த்தாள். ஏசப் போகிறாள், அடிக்கக்கூடப் போகிறாள் என்று அருந்ததி நினைத்தாள். வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றாள்.

“அப்ப நான் சரியாத்தான் சொன்னேனா?”

“ஓம். சரியாத்தான் சொன்னனீங்கள்.”

“தண்ணி கட்டும்னு சொன்னேன்ல?”

“சொன்னனீங்கள்.”

“வடிஞ்சிரும்னும் சொன்னேன்ல?”

“அதுவும் சொன்னனீங்கள். நான் எழுதேல்லை.”

ரஜிதாவின் வாய் கோணியது. முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். “மூணு மாசமா நான்தான் அவரக் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்,” என்றாள் துணிக்குள்ளிருந்து. “கனவுல வந்து, ‘ஏண்டி இல்லைன்னு சொன்ன’ன்னு கேக்குறாரு.”

அவள் அழுது முடிக்கும்வரை எல்லாரும் நின்றார்கள். அருந்ததிக்கு அவள் தோளைத் தொட வேண்டும்போல் இருந்தது. தொடுவதற்குத் தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று கையை எடுத்துக்கொண்டாள்.

கடைசியில் ரஜிதா முகத்தைத் துடைத்தாள். “இத எங்கிட்ட மட்டும் சொன்னாப் பத்தாதுங்க. அவங்ககிட்டயும் சொல்லணும்,” என்று பக்கத்து வளவைக் காட்டினாள்.

*

இருபது அடி தூரம்தான். தேனுகா கூடவே வந்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

“மாமாவுக்கு இது தெரியுமோ?”

“தெரியும்.”

“காலமை வந்தது இதுக்கோ?”

“ஓம்.”

மூலப் பிரதி அவன் கொம்பனி அலுமாரியில் கிடப்பதையும் அருந்ததி சொன்னாள். தேனுகா வேலியடியில் நின்றுவிட்டாள். பின்னால் லக்ஷன் ஓடி வந்தான். அவன் கண் சிவந்திருந்தது.

“மிஸ், எங்கட முடிவுரையை அழிக்கவேணும்.”

“அழிக்காதேங்கோ. குறுக்கால வெட்டிப்போட்டுப் பக்கத்தில சரியானதை எழுதுங்கோ. முதல் என்ன எழுதினனீங்கள் எண்டதும் வாசிக்கிறவைக்குத் தெரியவேணும்.”

பிறகு அவள் கமலேஸ்வரியின் முன்னால் போய் நின்றாள். ரஜிதா கொஞ்சம் தள்ளி, சுவரோரம்.

அருந்ததி எல்லாவற்றையும் சொன்னாள். தான் யார், எப்போது வந்தது, மருமகள் சொன்னது என்ன, தனக்கு விளங்கியது என்ன, எழுதியது என்ன. மன்னித்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் அந்த அம்மா ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும், அந்தப் பாரத்தையும் அவர் தலையில் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

கமலேஸ்வரி கச்சான் உடைப்பதை நிறுத்தவில்லை. கோதை ஒரு பக்கம், பருப்பை ஒரு பக்கம் போட்டுக்கொண்டே இருந்தார். எல்லாம் கேட்டு முடிந்தபிறகுதான் கை நின்றது.

“செவ்வாய்க்கெழம ஏதோ கூட்டமாம். அதுல நீங்க இருக்கீங்களா?”

“இப்ப இருக்கிறன் அம்மா.”

“இப்பன்னா?”

“பிழை விட்டவளே விசாரிக்கிற இடத்தில இருக்கிறது சரியில்லை. நான் விலகினால் என்ர இடத்துக்குக் கொம்பனிக்கு வேண்டிய ஆள் வருவார். அப்பிடி வந்தால் இந்த றோட்டை இன்னும் அங்கால இதே மாதிரிக் கொண்டுபோயிடுவினம். என்ன செய்யிறது எண்டு எனக்கு இன்னும் தெரியேல்லை. ஆனா உள்ளுக்கு இருந்தாலும் வெளியில நிண்டாலும், உங்களுக்கு இப்ப சொன்னதை அங்கயும் சொல்லுவன்.”

“உங்க வேல?”

“போனாலும் போகும்.”

வேலியடியிலிருந்து தேனுகாவின் குரல் கேட்டது. போனில் பேசிக்கொண்டிருந்தாள். “மாமா, அந்த மூலப் பிரதி இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள எனக்கு வேணும். நீங்கள் கொண்டு வாறியளோ, இல்லை நான் உங்கட கந்தோருக்கு வரட்டோ?” மறுபக்கம் என்ன சொன்னானோ, அவள் போனைக் காதில் அழுத்திக்கொண்டு வேலியோரமாக நடந்தாள்.

கமலேஸ்வரி முறத்தை இறக்கிக் கீழே வைத்தார். கையிலிருந்த தூசியைத் தட்டினார். அருந்ததியை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இல்லை. அதை அவள் எதிர்பார்க்கவும் இல்லை. தூக்கி வந்து வீதியில் விட்ட மகனை, திரும்பிப் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விட்ட தாய் அவர். மூன்று மாதமாக அவருக்கும் யார் மேலாவது பழி போட வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்தவள் மருமகள்.

“அவ சொன்னது உண்மைதாங்களா? ‘தண்ணி கட்டும்’னு அன்னைக்கே சொன்னாளா?”

“சொன்னவா அம்மா.”

கமலேஸ்வரி தலையைத் திருப்பாமலே, சுவர்ப் பக்கமாகக் குரல் கொடுத்தார்.

“ரஜிதா, உள்ள கதிரை கெடக்கு. எடுத்தாந்து போடு. வந்தவங்க நிக்கிறாங்க.”

ரஜிதா அசையவில்லை. மாமியார் கூப்பிட்டது தன்னைத்தானா என்று அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

“ஒன்னத்தான்டி,” என்றார் கமலேஸ்வரி.